இருட்டறையில் ஒரு மின்வாய்

தைராய்டு பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் கண் நேராகப் போய் நிற்பது டி.எஸ்.எச். என்ற எழுத்துகளுக்கு எதிரே அச்சாகியிருக்கும் எண்ணின் மேல்தான். எண் தடித்திருக்கிறதா, பக்கத்தில் ஏதாவது குறி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். அதே தாளில், எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில், பல ஆய்வகங்கள் இன்னொன்றையும் அச்சிடுகின்றன: முறை, ஈ.சி.எல்.ஐ.ஏ. அந்த ஐந்து எழுத்துகளை யாரும் படிப்பதில்லை. படித்தவர்களும் விளக்கம் கேட்பதில்லை. விரித்துச் சொன்னால், அந்த ரத்தத்தை அளந்தது ஒரு வெளிச்சம். கரைசலுக்குள் இருக்கும் பிளாட்டின மின்வாய்க்கு மின்னழுத்தம் கொடுத்தபோது அதன் மேற்பரப்பில் தோன்றி, ஒரு வினாடிக்குள் அணைந்துபோன ஆரஞ்சுச் சிவப்பு வெளிச்சம்.

மின்சாரம் கொடுத்தால் வெளிச்சம் வருவது புதிதல்ல. பழைய குண்டு பல்பில் கம்பி பழுக்கக் காய்ந்து எரிந்தது. டியூப் லைட்டில் பாதரச ஆவி மின்னேற்றம் பெற்று ஒளிர்ந்தது. ஆனால் இந்தப் பிளாட்டினத்தின் மேல் எதுவும் காய்வதில்லை, எதுவும் ஆவியாவதில்லை. ஏறக்குறைய ஒரு டார்ச் செல் தரக்கூடிய அழுத்தம்தான் செலவாகிறது. மூலக்கூறுகள் ஒன்றிடமிருந்து ஒன்று எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொள்கின்றன. அந்தக் கைமாற்றத்தின் உபரி ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது. வேதியியலார் இதற்கு மின்வேதியொளிர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மின்வாய்கள் ஒளிர்வதை மனிதர்கள் கவனித்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. 1880 வாக்கில் ரஷ்ய இயற்பியலாளர் நிக்கோலாய் ஸ்லுகினோவ் மின்னாற்பகுப்பின்போது திரவத்துக்குள் தோன்றும் ஒளியைப் பற்றி எழுதினார். 1898இல் ஃபெர்டினாண்ட் பிரௌன், மின்பகுளிக்குள் சில மின்வாய்கள் ஒளிவிடுவது பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். முந்தைய ஆண்டுதான் அவர் ஸ்ட்ராஸ்பர்கில், பின்னாளில் தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயாக வளரப்போகும் கதிர்க்குழாயைச் செய்து காட்டியிருந்தார். 1909இல் மார்க்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது கம்பியில்லாத் தந்திக்காக. குழாயும் தந்தியும் அவரைப் புகழுக்குக் கொண்டுபோயின. அலுமினிய நேர்மின்வாயில் அவர் கண்ட மங்கலான ஒளியைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

அன்றைய குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. மின்வாயில் தெரிந்த ஒளி ஒரே வகையானதல்ல. குறைந்தது மூன்று வகை அதில் கலந்து கிடந்தது.

முதல் வகை சூடானது. மெல்லிய கம்பியை நேர்மின்வாயாக்கி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதைச் சுற்றியிருக்கும் கரைசல் கொதித்து, கம்பியை ஓர் ஆவி உறை மூடிக்கொள்ளும். மின்னோட்டம் தடைப்பட்டு, உறைக்குள் தீப்பொறி பறக்கும். 1899இல் ஆர்தர் வெனெல்ட் இதையே ஒரு கருவியாக்கினார்: நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்ந்த ஒரு பிளாட்டின முனை, மின்னோட்டத்தை வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடும். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். எக்ஸ்-கதிர்க் குழாய்களை இயக்கும் மின்சுருள்களுக்கு அந்த வெட்டுக்கருவி கைகொடுத்தது.

இந்த வகையின் விளையாட்டுத்தனமான உறவினர் ஒன்றும் உண்டு. உப்பில் ஊறிய வெள்ளரிக்காயின் இரு முனைகளிலும் உலோகம் செருகி வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சினால் அது ஆவி கக்கிக்கொண்டே ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக ஒளிரும். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வகப் பொறியாளர்கள் 1989இல் இதற்கு ஒரு முழு ஆய்வறிக்கையே எழுதினார்கள், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு. அந்த மஞ்சள், உப்பிலுள்ள சோடியத்தின் 589 நானோமீட்டர் ஒளி. ஆவி உறைக்குள் நிகழும் மின்பொறியில் சோடிய அணுக்கள் கிளர்ந்து ஒளிர்கின்றன. தெருவிளக்கின் சோடிய மஞ்சளும் இதே சோடியத்தினுடையதுதான். ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம் வெறும் ஊறுகாயில் ஓடுகிற பரிசோதனை இது. வேடிக்கை பார்ப்பதோடு நிற்பது நல்லது.

இரண்டாவது வகை, பிரௌன் பார்த்த அலுமினியத்தினுடையது. அலுமினியத்தை நேர்மின்வாயாக்கினால் அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று வளரும். பாத்திரக்கடையில் பளபளக்கும் அனோடைஸ் செய்த வாணலியின் மேல்தோல் இந்த இனத்தைச் சேர்ந்தது. படலம் வளரும்போது அதற்குள் இருக்கும் மின்புலம் நினைத்துப்பார்க்க முடியாத அளவுக்குக் கடுமையானது: ஒரு நானோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட். அந்தப் புலத்தில் சிக்கிய எலக்ட்ரான்கள் வேகமெடுத்து, படலத்துக்குள் மாட்டிக்கொண்ட அயல்பொருட்களின் மேல் மோதுகின்றன. மோதப்பட்டவை மங்கலாக ஒளிர்கின்றன. எந்த அயல்பொருள் என்பதில்தான் சண்டை. கரிம அமிலங்களில் வளர்த்த படலத்தில் அமிலத்தின் எச்சங்கள் ஒளிர்கின்றன என்றும், கனிமக் கரைசல்களில் உலோகத்தின் மேற்பரப்பு முன்கூட்டியே எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதைப் பொறுத்தே ஒளி மாறுகிறது என்றும் பெல்கிரேட் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இந்த நூற்றாண்டில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். பிரௌனின் கட்டுரைக்கு நூறு வயது கடந்தபிறகும் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவதுதான் ரத்தப் பரிசோதனைக்கு வந்துசேர்ந்த ஒளி. இது கம்பியிலும் இல்லை, படலத்திலும் இல்லை. மின்வாயை ஒட்டிய கரைசலில் நடக்கும் வேதிவினையில் இருக்கிறது.

அதன் தொடக்கத்தை 1920களில் தேடலாம். மிசௌரி பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் டஃபோர்டும் வேதியியலாளர் டாரதி நைட்டிங்கேலும் கிரினார்டு சேர்மங்கள் என்ற மக்னீசியக் கரிமப் பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். காற்று பட்டாலே மினுங்கும் பொருட்கள் அவை. ஈதரில் கரைத்து உயர் மின்னழுத்தம் கொடுத்தபோது மின்வாயிலும் ஒளி தெரிந்தது. 1927இல் அதை வெளியிட்டார்கள்.

இரண்டாண்டு கழித்து, பிரின்ஸ்டனில் நியூட்டன் ஹார்வி இதை நீருக்குக் கொண்டுவந்தார். மின்மினி, கடல் நுண்ணுயிர், ஒளிரும் மீன் என்று உயிருள்ளவற்றின் வெளிச்சத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். தேனிலவுக்கு ஜப்பான் போன இடத்திலும் கடலோர ஆய்வு நிலையத்துக்குப் போய், நீல ஒளி உமிழும் சின்னஞ்சிறு ஓட்டுயிரி ஒன்றைப் பார்த்து, அதைப் பல்லாண்டு கால ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டவர். இப்போது லூமினால் என்று அழைக்கப்படும் சேர்மம் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து நீலமாக ஒளிரும் என்பதை ஆல்பிரெக்ட் என்பவர் 1928இல் அறிவித்திருந்தார். ஹார்வி பெராக்சைடுக்குப் பதிலாக மின்சாரத்தைப் பயன்படுத்தினார். காரம் கலந்த லூமினால் கரைசலில் மின்வாய்களை வைத்து, இரண்டு டார்ச் செல் தரும் அளவு அழுத்தம் கொடுத்ததும் மின்வாய் நீலமாயிற்று. அதே லூமினால் சில ஆண்டுகளில் ஜெர்மனியில் ரத்தக்கறை தேடும் காவல்துறை ஆய்வுக்குப் போய்ச் சேர்ந்து, துப்பறியும் கதைகளில் நிரந்தர இடம் பிடித்துக்கொண்டது. மின்வாய் ஒளியோ மறுபடியும் தூங்கிவிட்டது. இம்முறை முப்பத்தைந்து ஆண்டு.

அது விழித்தது 1964இல், ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூன்று இடங்களில். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹெர்குலிஸ். பெல் தொலைபேசி ஆய்வகத்தில் விஸ்கோவும் எட்வின் சாண்ட்ராஸும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ஆலன் பார்டும், இந்தியாவிலிருந்து அவருடைய ஆய்வகத்துக்குப் போயிருந்த கே.எஸ்.வி. சந்தானமும். முதல் இரண்டு குழுக்களின் கட்டுரைகள் 1964இலும், சந்தானம்–பார்டு கட்டுரை 1965 தொடக்கத்திலும் வெளிவந்தன. சந்தானம் பின்னர் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். மின்வேதியொளிர்வு பற்றிய எந்த வரலாற்றுச் சுருக்கமும் தொடக்கத்திலேயே அவர் பெயரைச் சொல்லாமல் நகர்வதில்லை. ஊரில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு. சாண்ட்ராஸுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. திருவிழாக்களில் குழந்தைகள் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் ஒளிக்குச்சியின் வேதியியலுக்கு விதை போட்டவர் அவர்தான்.

மூன்று குழுக்களும் செய்தது அடிப்படையில் ஒன்றே. டைபீனைல் ஆந்திரசீன், ரூப்ரீன் போன்ற, பென்சீன் வளையங்கள் கோத்த கரிமச் சேர்மம் ஒன்றை ஈரம் துளியும் இல்லாத கரைப்பானில் கரைக்கவேண்டும். மின்வாய்க்கு எதிர் அழுத்தம் கொடுத்தால், அருகில் வரும் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். உடனே அழுத்தத்தைத் திருப்பிப்போட்டால், அடுத்து வருபவை ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுப் போகும். ஒன்று கூடுதலாக வைத்திருக்கும் மூலக்கூறும் ஒன்று குறைவாக வைத்திருக்கும் மூலக்கூறும் மின்வாய்க்குச் சற்றுத் தள்ளி, கரைசலில் சந்திக்கின்றன. கூடுதல் எலக்ட்ரான் தாவுகிறது, கணக்கு நேராகிறது. தாவிய எலக்ட்ரான் அடித்தளத்தில் இறங்காமல் ஒரு படி மேலே, கிளர்வுற்ற நிலையில் இறங்குகிறது. அங்கிருந்து கீழே வரும்போது ஒளி. டைபீனைல் ஆந்திரசீன் என்றால் நீலம். ரூப்ரீன் என்றால் மஞ்சள் ஆரஞ்சு.

படி ஏன்? நேராக அடித்தளத்தில் இறங்கினால் என்ன? பலருக்கும் தோன்றும் கேள்வி இது. இதற்கான பதில், ரூடால்ஃப் மார்க்கஸ் என்ற கோட்பாட்டு வேதியியலாளருடைய தாள்களில் ஏற்கெனவே இருந்தது. எலக்ட்ரான் இடமாறும் வினைகளில், வெளியாகும் ஆற்றல் கூடக் கூட வினையின் வேகமும் கூடும் என்பதுதான் பொதுப்புத்தி. குறிப்பிட்ட எல்லைக்கு மேல் ஆற்றல் கூடினால் வேகம் குறையத் தொடங்கும் என்று மார்க்கஸின் சமன்பாடு சொன்னது. மூலக்கூறின் அணுக்கருக்கள் கனமானவை. மூன்று எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை ஒரே நொடியில் அதிர்வாக வாங்கிச் செரித்துக்கொள்ள அவற்றால் முடியாது. மொட்டை மாடியிலிருந்து ஒரேயடியாகத் தரைக்குக் குதிப்பதைவிட, வழியில் இருக்கும் சன்ஷேடில் கால்வைத்து இறங்குவது எளிது. கிளர்வுற்ற நிலைதான் அந்த சன்ஷேடு.

ஆற்றல் கூடக் கூட வேகம் குறையும் இந்தத் தலைகீழ்ப் பகுதியைப் பலர் நம்பவில்லை. மின்வாயில் தெரிந்த நீல ஒளி அதற்கு ஆதரவாக இருந்தது. 1965இல் மார்க்கஸே ஒளியுமிழும் எலக்ட்ரான் மாற்ற வினைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் அது மறைமுகமான சாட்சிதான். நேரடிச் சான்று 1984இல், சிகாகோ பகுதியில் மில்லர், கால்காட்டெரா, க்ளாஸ் ஆகியோரின் பரிசோதனையில்தான் கிடைத்தது. மார்க்கஸுக்கு 1992இல் நோபல் பரிசு.

ஆஸ்டினில் பார்டின் ஆய்வகம் இதை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒளி உண்டாக்கத் தேவையான ஆற்றல் போதாத சேர்மங்களும் ஏன் ஒளிர்கின்றன, காந்தப்புலத்தில் வைத்தால் வெளிச்சம் ஏன் மாறுகிறது என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போனார்கள். அப்போது அங்கே ஆய்வு மாணவராக இருந்த லாரி ஃபாக்னர், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பார்டும் அவரும் சேர்ந்து 1980இல் எழுதிய பாடநூல், உலகெங்கும் மின்வேதியியல் படிப்பவர்களின் மேசையில் இன்றும் இருக்கிறது.

இத்தனை அறிவும் கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டுக் கிடந்தது. காரணம் தண்ணீரும் காற்றும். கூடுதல் எலக்ட்ரானைச் சுமந்த அந்தக் கரிம அயனிகள், ஈரமோ ஆக்சிஜனோ சிறிது பட்டாலும் இறந்துவிடும். கரைப்பானை உலர்த்தி, வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சி, மூடி, பிறகுதான் பரிசோதனை. ரத்தமோ பெரும்பகுதி தண்ணீர்.

வழி திறந்தது ருத்தீனியத்தால். 1844இல் கசான் பல்கலைக்கழகத்தில் கார்ல் கிளாஸ் கண்டுபிடித்து, ரஷ்யாவின் பழைய லத்தீன் பெயரை வைத்த உலோகம். அதன் ஓர் அயனியைச் சுற்றி மூன்று பைபிரிடீன் மூலக்கூறுகள் இதழ்போலக் கவிந்த செம்மஞ்சள் நிறச் சேர்மம் ஒன்றை 1972இல் நூர்ஹான் டோகெலும் பார்டும் எடுத்துப் பார்த்தார்கள். அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் அது 600 நானோமீட்டரைத் தாண்டிய ஆரஞ்சுச் சிவப்பில் ஒளிர்ந்தது. கரிமச் சேர்மங்களைப் போலத் தண்ணீரைக் கண்டு சாகும் பொருளல்ல இது.

ஆனாலும் பழைய முறையில், அழுத்தத்தை முன்னும் பின்னும் திருப்பித்தான் ஒளி வரவழைக்கவேண்டியிருந்தது. தண்ணீரில் அது நடக்காது. எதிர்ப்பக்கம் போதிய தூரம் போவதற்கு முன் தண்ணீரே ஹைட்ரஜனாகப் பிரிந்துவிடும். 1981இல் இஸ்ரேல் ரூபின்ஸ்டைனும் பார்டும் ஒரு குறுக்கு வழி காட்டினார்கள். கரைசலில் ஆக்சலேட் உப்பைச் சேர்த்தார்கள். ஆக்சலேட்டிலிருந்து எலக்ட்ரான் பறிக்கப்பட்டால் அது இரண்டாக உடைகிறது: ஒரு பாதி சாதாரணக் கார்பன் டையாக்சைடு, மறு பாதி எலக்ட்ரானை யாரிடமாவது தள்ளிவிடத் துடிக்கும் ஓர் இயங்குறுப்பு. வினோதம் இங்கேதான். எலக்ட்ரானைப் பறித்தோம், விளைந்தது எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருள். அது பக்கத்திலிருக்கும், ஏற்கெனவே எலக்ட்ரான் இழந்த ருத்தீனியத்திடம் அதைத் தள்ள, ருத்தீனியம் ஒளிர்கிறது. இனி அழுத்தத்தைத் திருப்பவேண்டியதில்லை. ஒரே பக்கம் ஏற்றினால் போதும், திறந்த பாத்திரத்தில், தண்ணீரில்.

ஆக்சலேட் நன்றாக வேலை செய்வது அமிலக் கரைசலில். ரத்தத்தின் காரத்தன்மைக்கு நெருக்கமான கரைசலில் வேலை செய்யும் பொருளை, மேரிலாந்து மாநிலத்தின் ஐஜென் என்ற சிறு நிறுவனத்தில் லேலண்டும் பவலும் 1990இல் அறிவித்தார்கள்: டிரைபுரொப்பைல் அமீன். மீன் கடை வாடை அடிக்கும் திரவம். உலகின் பெரிய மருத்துவமனை ஆய்வகங்கள் இதை இன்றும் பீப்பாய் கணக்கில் வாங்குகின்றன, வேறு வணிகப் பெயர்களில்.

ஐஜென், தன் உரிமத்தை ஜெர்மனியின் பேரிங்கர் மன்ஹைம் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1996இல் எலெக்சிஸ் என்ற பெயரில் கருவி சந்தைக்கு வந்தது. பேரிங்கரை சுவிட்சர்லாந்தின் ரோஷ் விழுங்கியது. பங்குத்தொகை சரியாக வரவில்லை என்று ஐஜென் வழக்குப் போட்டது. 2002இல் நடுவர் குழு 50 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டில் அதில் பெரும்பகுதி தள்ளுபடியாயிற்று. ஆனால் உரிமத்தை ரத்துசெய்யும் அதிகாரம் ஐஜெனிடமே இருந்தது. ரோஷ் வேறு வழியின்றி ஐஜெனையே ஏறக்குறைய 140 கோடி டாலருக்கு வாங்கிப் பிரச்சினையை முடித்தது. ஒரு வினாடிகூட நிலைக்காத வெளிச்சத்துக்கு அந்த விலை.

அப்படி விலைபோகும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? வெளிச்சத்தின் அளவு அல்ல. அது மிகவும் மங்கலானது. அதைச் சுற்றியிருக்கும் இருட்டுதான் விலைமதிப்பானது.

ரத்தத்தில் ஹார்மோன்கள் மிகச் சொற்பமாக இருக்கும். அவற்றைத் தேட ஒளியைப் பயன்படுத்தும் இன்னொரு முறையில், மேலே நீல விளக்கைப் பாய்ச்சி, கீழே மூலக்கூறு திருப்பியடிக்கும் பச்சை ஒளியைத் தேடுவார்கள். பாய்ச்சிய விளக்கின் ஒளி சிதறிக் கலந்துவிடும். ரத்தப் புரதங்களும் தாமே கொஞ்சம் ஒளிரும். தேர்த் திருவிழாவின் சீரியல் விளக்குகளுக்கு நடுவில் மின்மினியைத் தேடுவது போன்ற வேலை. மின்வேதியொளிர்வில் விளக்கே கிடையாது. அறை கும்மிருட்டு. மின்வாய்க்கு அழுத்தம் கொடுக்கும்வரை ஒரு போட்டான்கூட வராது. கொடுத்த கணத்தில், ருத்தீனியம் இருக்கும் இடத்திலிருந்து மட்டும் வரும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவீட்டில் இக்கருவி ஒரு மில்லிலிட்டருக்கு 0.005 நுண் அலகு வரை இறங்கிப் பார்ப்பது இந்த இருட்டின் தயவால்தான்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நோயாளியின் ரத்தநீரோடு இரண்டு எதிர்ப்பொருள்கள் சேர்கின்றன. இரண்டும் தேடப்படும் ஹார்மோனை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் முதுகில் ருத்தீனியம். மற்றதன் முதுகில் பயோட்டின் என்ற வைட்டமின். பிறகு 2.8 நுண்மீட்டர் குறுக்களவுள்ள காந்த மணிகள் சேர்க்கப்படுகின்றன. மணிகளின் மேல் ஸ்டிரெப்டாவிடின் என்ற புரதம் பூசப்பட்டிருக்கும். அது பயோட்டினைப் பிடித்தால் விடாது. இயற்கையில் இதைவிட இறுக்கமான பிடி அபூர்வம். முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள அவிடினும் இதன் உறவுதான். பச்சை முட்டையை அளவுமீறிக் குடிப்பவர்களுக்கு பயோட்டின் குறைபாடு வருவது அதனால். காந்தம் மணிகளை இழுத்து மின்வாயின் மேல் படியவைக்கிறது. மிச்சம் கழுவப்படுகிறது. அழுத்தம், ஒளி, ஒளிபெருக்கிக் குழாய் எண்ணிவிடுகிறது. மொத்தம் 18 நிமிடம். மாரடைப்பு சந்தேகத்தில் வருபவர்களுக்கான அவசரப் பரிசோதனை என்றால் 9 நிமிடம்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. மணியின் குறுக்களவு 2.8 நுண்மீட்டர். ருத்தீனியம் ஒட்டியிருப்பது மணி முழுக்க, மேலும் கீழும் பக்கவாட்டிலும். எலக்ட்ரான் மின்வாயிலிருந்து ஒன்றிரண்டு நானோமீட்டருக்கு மேல் தாவாது. அப்படியென்றால் மணி மின்வாயைத் தொடும் மிகச் சிறிய புள்ளியைத் தவிர மற்ற ருத்தீனியம் எதுவும் எலக்ட்ரானை இழக்கவே முடியாது, ஒளிரவும் கூடாது. ஆனால் ஒளிர்ந்தது, நன்றாகவே. கருவி ஆறு ஆண்டுகளாகச் சந்தையில் இருந்து, எத்தனையோ நோயாளிகளின் முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோதும், அது எப்படிச் சொல்கிறது என்பதற்குப் பாடநூல் விளக்கம் பொருந்தவில்லை. 2002இல் மியாவ், சோய், பார்டு மூவரும் விடை தந்தார்கள். மின்வாயைத் தொடுவது ருத்தீனியமாக இருக்கவேண்டியதில்லை. அமீன் தொட்டால் போதும். எலக்ட்ரான் இழந்த அமீன் ஒருவகை இயங்குறுப்பாகவும், அதிலிருந்து புரோட்டான் கழன்றபின் வேறொரு வகையாகவும் கரைசலில் கொஞ்ச தூரம் நீந்திப்போகும். ஒன்று ருத்தீனியத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கும், மற்றொன்று கொடுக்கும். இரண்டும் சேர்ந்து மணியின் மேலிருக்கும் ருத்தீனியத்தை ஒளிரவைத்துவிடுகின்றன.

எவ்வளவு தூரம் நீந்தும்? பிரான்சின் போர்தோவில் நெசோ சோஜிக்கின் குழு 2014இல் ஒற்றை மணியைப் பக்கவாட்டிலிருந்து நுண்ணோக்கியில் படம் பிடித்துக் காட்டியது. மின்வாய்க்கு மேல் ஏறக்குறைய மூன்று நுண்மீட்டர் உயரத்துக்கு மட்டுமே ஒளி. 2.8 நுண்மீட்டர் மணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்த எல்லையை அறியாமலேயே அதற்குள் பொருந்திவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

பயோட்டினுக்கும் ஸ்டிரெப்டாவிடினுக்கும் இடையிலுள்ள அந்த இறுக்கமான பிடி வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். முடி உதிர்வுக்காகவும் நகம் உடையாமலிருக்கவும் மருந்துக்கடைகளில் விற்கப்படும் மாத்திரையில் 5 மில்லிகிராமோ 10 மில்லிகிராமோ இருக்கும். 10 என்றால் தேவையைப்போல முந்நூறு மடங்கு. மிஞ்சியது ரத்தத்தில் சுற்றும். ரத்தநீர் கருவிக்குள் போனதும், எதிர்ப்பொருளுக்கென்று வைத்திருந்த இடத்தில் மாத்திரையின் பயோட்டின் முந்திக்கொண்டு அமர்ந்துவிடும். எதிர்ப்பொருள் மணியில் ஒட்டாமல் கழுவப்பட்டுப் போகும். ஒளி குறையும். டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சினை அளக்கும் பரிசோதனையின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. அங்கே ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று பொருள். ஆக ஒரே ரத்தத்தில் டி.எஸ்.எச். குறைவு, தைராக்சின் அதிகம். மருத்துவர் பார்த்தால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்றே சொல்வார். இரண்டு தவறுகளும் ஒன்றுக்கொன்று ஒத்து ஊதுவதால் சந்தேகம் எழ வழியில்லை. 2017 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையில் பயோட்டினால் தவறாகக் குறைவான முடிவு வந்து ஒருவர் இறந்ததாகத் தனக்கு வந்த தகவலையும் அதில் சேர்த்திருந்தது. அதன் பின் கருவி நிறுவனங்கள் பல பரிசோதனைகளை பயோட்டினைத் தாங்கும்படி மாற்றியமைத்தன. மாத்திரையின் பெயரை ரத்தம் எடுப்பவரிடம் சொல்லும் பழக்கம் மட்டும் பலருக்கு இன்னும் வரவில்லை. அழகுக்கு விழுங்குவது மருந்தல்ல என்பது பொதுவான எண்ணம்.

பிரௌனின் அலுமினியமும் ஓய்வுபெற்றுவிடவில்லை. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் 1980களின் நடுவில் தொடங்கிய ஆய்வு, அதை நேர்மின்வாயிலிருந்து எதிர்மின்வாயாகத் திருப்பிப் பயன்படுத்தியது. மெல்லிய ஆக்சைடு படலம் போர்த்த அலுமினியத்துக்குத் துடிப்புத் துடிப்பாக அழுத்தம் கொடுத்தால், எலக்ட்ரான்கள் படலத்தைத் துளைத்துக்கொண்டு அதிக ஆற்றலோடு தண்ணீருக்குள் பாயும். சாதாரண மின்வாயில் எழுப்ப முடியாத டெர்பியம் போன்ற அருமண் உலோகச் சேர்மங்களை அது எழுப்பிவிடும். பிளாட்டினத்துக்குப் பதில் அலுமினியம் என்பதால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மலிவான பரிசோதனைச் சில்லுகளுக்கு இது தோது.

ஒளிரும் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் இடத்துக்கும் துறை வந்துவிட்டது. 2021இல் சீனாவின் ஹாங்சோ நகரில், செஜியாங் பல்கலைக்கழகத்தின் ஃபெங் ஜியாண்டோங் குழு ருத்தீனியச் சேர்மத்தை அளவுக்கு மீறி நீர்த்துவிட்டு, ஒற்றை வினைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்குவதைக் கேமராவில் பிடித்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. ஆயிரக்கணக்கான மினுக்கல்களை அடுக்கினால், சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டமுடியாத நுணுக்கத்தில் மேற்பரப்பின் படம் கிடைத்தது.

அதே ஆண்டு போர்தோவில் சோஜிக்கின் குழு இதற்கு எதிர்த்திசையில் யோசித்தது. மின்வாய் முழுவதையும் ஒளிரவிட்டு, அதன் மேல் செல்லுக்குள்ளிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாக்களை இறக்கினார்கள். சாயம் எதுவும் பூசவில்லை. மைட்டோகாண்ட்ரியா படிந்த இடத்தில் வினைப்பொருள்கள் தடைப்பட்டன. அங்கே ஒளி நின்றது. ஒளிரும் களத்தின் மேல், ஒரு நுண்மீட்டரை ஒட்டிய கருப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மைட்டோகாண்ட்ரியா.